வர வேண்டிய கட்டாயம் இல்லாத நாளில் வந்தவர்கள்

1975 ஏப்ரல் தொடக்கத்தில் சிகாகோவில் கடும் பனிப்புயல் அடித்தது. ஏப்ரல் 3-ஆம் தேதி காலையில் ஊரின் போக்குவரத்து தள்ளாடிக்கொண்டிருந்தது. சியர்ஸ் என்ற பெரிய சில்லறை வணிக நிறுவனத்தின் தலைமை அலுவலகம் அங்கேதான் இருந்தது. அன்று வராதவர்களை யாரும் கேள்வி கேட்கப் போவதில்லை. பனியைக் காரணம் சொன்னால் போதும், சம்பளமும் பிடிக்க மாட்டார்கள். வர நினைத்தவர்தான் மெனக்கெட வேண்டியிருந்தது.

சில மாதங்களுக்கு முன்புதான் அந்த ஊழியர்களிடம் நிறுவனம் ஒரு சர்வே எடுத்திருந்தது. வேலை பிடித்திருக்கிறதா, மேலதிகாரி எப்படி, சம்பளம் போதுமா, இங்கே தனக்கு எதிர்காலம் இருப்பதாகத் தோன்றுகிறதா என்ற மாதிரியான கேள்விகள். ஃபிராங்க் ஸ்மித் என்ற ஆய்வாளர் அந்தப் பதில்களையும் பனிநாளின் வருகைப் பதிவையும் 27 பிரிவுகளுக்கு ஒப்பிட்டுப் பார்த்தார். எந்தப் பிரிவில் ஊழியர்கள் மனநிறைவோடு இருந்தார்களோ, அந்தப் பிரிவிலிருந்து அதிகம் பேர் வந்திருந்தார்கள். அதே நிறுவனத்தின் நியூயார்க் அலுவலகத்திலும் 13 பிரிவுகளை எடுத்துக்கொண்டார். அங்கே அன்று வானிலை வழக்கம்போல, வருகையும் வழக்கம்போல. சர்வே பதிலுக்கும் வருகைக்கும் சொல்லத்தக்க தொடர்பு எதுவும் கிடைக்கவில்லை. 1977-இல் வெளிவந்த இந்தச் சிறு ஆய்வு, பணியிட மனப்பான்மை பற்றிக் குவிந்து கிடக்கும் ஆராய்ச்சிகளில் எனக்கு மிகவும் பிடித்த ஒன்று. நெடுநாளைய குழப்பம் ஒன்றுக்கு இதில் விடை இருக்கிறது.

ஊழியர்கள் என்ன நினைக்கிறார்கள் என்பது முக்கியம் என்று எல்லா நிறுவனங்களும் சொல்கின்றன. ஆண்டுதோறும் படிவம் அனுப்பி அளக்கவும் செய்கின்றன. ஆனால் அளந்ததை வைத்துக்கொண்டு நாளைக்கு யார் எப்படி நடந்துகொள்வார் என்று கணிக்கப் பார்த்தால் பெரும்பாலும் பொய்த்துப்போகிறது. ஏன் என்பதற்கு அந்த இரண்டு நகரங்களும் விடை சொல்கின்றன. நியூயார்க்கில் மனநிறைவோடு இருந்தவரும் வந்தார், அலுத்துப்போனவரும் வந்தார். வராவிட்டால் பதில் சொல்லியாக வேண்டும் என்பதால் இரண்டு பேரும் ஒரே மாதிரி நடந்துகொண்டார்கள். சிகாகோவில் வரலாம், வராமலும் இருக்கலாம் என்ற இடைவெளி திறந்தது. அந்த இடைவெளியில்தான் மனம் வெளியே தெரிந்தது. பணியிட மனப்பான்மை பற்றிய ஏறக்குறைய எல்லா முடிவுகளையும் இந்த ஒரு கோணத்திலிருந்து பார்த்தால், முரண்போலத் தெரிபவை பலவும் ஒன்றோடொன்று பொருந்திவிடுகின்றன.

மனப்பான்மைக்கு எப்போதும் ஒரு குறி உண்டு. மேலாளர் மீது, இரவு ஷிப்ட் மீது, புதிதாக வந்த மென்பொருள் மீது என்று ஏதோ ஒன்றைக் குறித்துத்தான் அது இருக்கும். அதைப் பற்றி நாம் நம்புவது, அதை நினைத்தால் உள்ளே எழும் உணர்வு, அதை நோக்கி நாம் செய்ய நினைப்பது ஆகிய மூன்றும் அதில் கலந்திருக்கும். விழுமியம் அதைவிட ஆழத்தில் இருப்பது. அதற்குத் தனிக் குறி கிடையாது. நேர்மை, பாதுகாப்பு, சுதந்திரம், சாதனை, பிறர் நலம் என்று வாழ்க்கையில் எது பெரிது, எது சிறிது என நாம் வைத்திருக்கும் வரிசை அது. அந்த வரிசைதான் மனப்பான்மைகளுக்கு ஊற்று.

ஓர் அலுவலகத்தில் ஓர் அறிவிப்பு வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இனி வேலை நேரத்தை அவரவர் அமைத்துக்கொள்ளலாம், ஆனால் சம்பளத்தில் ஒரு பங்கு அந்தந்த மாத விற்பனையைப் பொறுத்தது. பக்கத்துப் பக்கத்து மேசையில் இருவர் அதைப் படிக்கிறார்கள். ஒருவர் மின்னஞ்சலை மூடும் முன்பே மனதுக்குள் திங்கட்கிழமைக் காலைகளைத் தனக்கென ஒதுக்கிவிட்டார். மற்றவர் கால்குலேட்டரை எடுத்து, விற்பனை சரியும் மாதத்தில் வீட்டுக் கடன் தவணை போக மீதி எவ்வளவு என்று தட்டிப் பார்க்கிறார். இருவருக்கும் வந்தது ஒரே தகவல். முதலாமவரின் வரிசையில் சுதந்திரம் மேலே இருக்கிறது, இரண்டாமவரின் வரிசையில் பாதுகாப்பு. இரண்டாமவரை ‘மாற்றத்தை ஏற்க மறுப்பவர்’ என்று கோப்பில் குறித்துவைக்கும் மேலாளர், கணக்குப் பார்த்த ஒருவருக்கு வேறு ஏதோ பெயரைச் சூட்டுகிறார், அவ்வளவுதான்.

சொல்லும் செயலும் விலகி நிற்பதை முதலில் பளிச்சென்று காட்டிய ஆய்வு பணியிடத்திலிருந்து வந்ததல்ல. ஆனால் அதற்கு உட்பட்டவர்கள் விடுதிகளையும் உணவகங்களையும் நடத்தியவர்கள், ஆகவே நம் பேச்சுக்கு அது வெளியே போய்விடவில்லை. ரிச்சர்ட் லாபியர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1930-களின் தொடக்கத்தில் ஒரு சீனத் தம்பதியோடு நாடு முழுக்கப் பயணம் செய்தார். சீனர்கள் மீது வெறுப்பு வெளிப்படையாகவே நிலவிய காலம் அது. 251 விடுதிகளுக்கும் உணவகங்களுக்கும் போனார்கள். ஒரே ஓர் இடத்தில்தான் திருப்பி அனுப்பப்பட்டார்கள். பிறகு அதே இடங்களுக்குக் கடிதம் எழுதி, சீனர்கள் வந்தால் ஏற்றுக்கொள்வீர்களா என்று கேட்டார். பதில் போட்டவர்களில் 90 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் மாட்டோம் என்றார்கள். 1934-இல் இது வெளிவந்தது. கடிதத்துக்குப் பதில் எழுதும்போது முன்னால் இருந்தது ‘சீனர்’ என்ற ஒரு பொதுச் சொல். வாசலில் வந்து நின்றவர்கள் நன்றாக உடுத்தி, புன்னகையோடு, பெட்டியும் கையுமாக நின்ற இரண்டு மனிதர்கள்.

இந்தச் சிக்கலை மார்ட்டின் ஃபிஷ்பைனும் ஐசக் அய்சனும் 1970-களில் ஓரளவு தீர்த்துவைத்தார்கள். பொதுவாகக் கேட்டால் பொதுவாகத்தான் கணிக்க முடியும் என்பது அவர்கள் வாதம். ‘நிறுவனத்தின் மீது உங்களுக்கு மதிப்பு உண்டா?’ என்று கேட்டுவிட்டு, அந்த ஊழியர் வருகிற வெள்ளிக்கிழமைப் பாதுகாப்புப் பயிற்சிக்கு வருவாரா என்று ஊகிக்கக் கூடாது. பயிற்சியைப் பற்றியே கேட்க வேண்டும். அதோடு, வந்தால் சக ஊழியர்கள் என்ன நினைப்பார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். வருவது அவர் கையில்தான் இருக்கிறதா என்ற கேள்வியை அய்சன் 1980-களில் இதோடு சேர்த்தார். கையில் இல்லாத விஷயத்தில் மனப்பான்மை எவ்வளவு நல்லதாக இருந்தும் பயனில்லை. பொதுச் சர்வேயில் இன்றும் இதைப் பெரும்பாலோர் கவனிப்பதில்லை.

விழுமியங்களுக்கு வருவோம். மில்டன் ரோகீச் 1973-இல் விழுமியங்களை இரண்டாகப் பிரித்தார். அடைய விரும்பும் நிலைகள் 18, அங்கே போய்ச் சேரும் நடத்தைமுறைகள் 18. மன அமைதி முதல் வகை, நேர்மை இரண்டாம் வகை. ஆய்வுக்கு வந்தவர்களை அவர் அவற்றுக்கு மதிப்பெண் போடச் சொல்லவில்லை, வரிசைப்படுத்தச் சொன்னார். அதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. மதிப்பெண் போடச் சொன்னால் எல்லாவற்றுக்கும் முழு மதிப்பெண் விழும். நேர்மை வேண்டாம் என்று யார் சொல்வார்? வரிசைப்படுத்தச் சொன்னால் எதையாவது கீழே இறக்கித்தான் ஆக வேண்டும்.

ஷாலோம் ஷ்வார்ட்ஸ் 1992-இல் இதை இன்னொரு படி மேலே கொண்டுபோனார். பல நாடுகளில் திரட்டிய விவரங்களிலிருந்து பத்து அடிப்படை விழுமியங்களை எடுத்து, அவற்றை ஒரு வட்டத்தில் அடுக்கினார். வட்டத்தில் அடுத்தடுத்து இருப்பவை ஒன்றோடொன்று ஒத்துப்போகும், எதிரெதிரே இருப்பவை இழுபறி செய்யும். சாதனைக்கும் அதிகாரத்துக்கும் எதிர்ப்புறத்தில் பிறர் நலமும் எல்லோர் நன்மையும் இருக்கின்றன. புதுமைக்கும் தன்னிச்சைக்கும் எதிர்ப்புறத்தில் பாதுகாப்பும் மரபும் அடங்கி நடத்தலும். நிறுவனச் சுவரில் தொங்கும் பலகையில் ‘புதுமை, ஒழுங்கு, சாதனை, அக்கறை’ என்று நான்கையும் ஒரே அளவு எழுத்தில் எழுதிவிடலாம். வேலை நடக்கும் இடத்தில் அவை ஒரே அளவில் இருப்பது கடினம்.

மாதக் கடைசி நாள், சாயங்காலம். தரப் பரிசோதகர் ஒருவரின் முன்னால் ஒரு பெட்டிச் சரக்கு. மாதிரியாக எடுத்த உருப்படிகளில் ஒன்றின் அளவு விளிம்பில் நிற்கிறது. நிராகரித்தால் இந்த மாத எண்ணிக்கை குறையும். வண்டி வாசலில் நிற்கிறது, ஓட்டுநர் இரண்டு முறை எட்டிப் பார்த்துவிட்டார். உற்பத்திப் பிரிவின் மேலாளர் போனில், “கொஞ்சம் பார்த்துப் பண்ணுங்க சார்” என்கிறார். ஏற்றுக்கொள் என்றும் சொல்லவில்லை, நிராகரி என்றும் சொல்லவில்லை. அந்த நிமிடத்தில் பரிசோதகருக்கு உண்மையில் தெரிய வேண்டியது ஒன்றுதான். போன மாதம் நிராகரித்தவருக்கு என்ன ஆனது? அவரை அழைத்து விசாரித்தார்களா, வேறு பிரிவுக்கு மாற்றினார்களா, நல்லது செய்தாய் என்றார்களா? நிறுவனத்தின் விழுமியம் அந்த ஒரு தகவலில் இருக்கிறது. ஊழியர்கள் எல்லோரும் அதை அறிந்துவைத்திருப்பார்கள். பலகையில் இருப்பதை ஞாபகமாகச் சொல்ல அவர்களில் பலரால் முடியாது.

பொதுவெளிக்கு வந்த உதாரணங்கள் இதைவிடப் பெரியவை. என்ரான் என்ற அமெரிக்க எரிசக்தி நிறுவனம் மரியாதை, நேர்மை, தகவல் தொடர்பு, சிறப்பு ஆகிய நான்கையும் தன் விழுமியங்களாக அச்சிட்டு வைத்திருந்தது. 2001 டிசம்பரில் கணக்கு மோசடிகளால் திவாலானது. அங்கே மேல்மட்டத்தின் பேராசை என்று சொல்லி முடித்துவிடலாம். வெல்ஸ் ஃபார்கோ வங்கியின் கதை கீழ்மட்ட ஊழியர்களைப் பற்றியது என்பதால் நமக்கு அதுதான் அதிகம் கற்றுத்தருகிறது. ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் எட்டுச் சேவைகளை விற்க வேண்டும் என்பது அங்கே இலக்காக இருந்தது. கிளைகளில் அன்றாட டார்கெட். அதை எட்ட முடியாத ஊழியர்கள், வாடிக்கையாளருக்குத் தெரியாமலே அவர் பெயரில் கணக்குத் திறந்தார்கள். 2016 செப்டம்பரில் வங்கிக்கு 18.5 கோடி டாலர் அபராதம் விழுந்தது. அதற்குள் சுமார் 5,300 ஊழியர்கள் இதற்காக வேலைநீக்கம் செய்யப்பட்டிருந்தார்கள். நெறிமுறைப் புகார் எண்ணுக்கு அழைத்துச் சொன்னதால் தங்கள் வேலை போனது என்று முன்னாள் ஊழியர்கள் சிலர் பிறகு கூறினார்கள். 5,300 பேரும் பிறவியிலேயே நாணயமற்றவர்கள் என்று நம்புவது எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. நேர்மையும் வேலையும் ஒன்றுக்கொன்று எதிராக நிறுத்தப்பட்டபோது, வாடகை கட்ட வேண்டியவர்களில் பலர் வேலையைப் பிடித்துக்கொண்டார்கள்.

ஒத்த விழுமியம் உள்ளவர்களையே ஆளெடுக்கும்போது பார்த்து எடுத்துவிட்டால் தொல்லை தீர்ந்தது என்று ஒரு வாதம் உண்டு. நிறுவனங்கள் கேட்காமலே இது ஓரளவு நடக்கிறது என்றார் பெஞ்சமின் ஷ்னைடர், 1987-இல். தன்னைப் போன்றவர்கள் இருக்கும் இடத்துக்குத்தான் மனிதர் விண்ணப்பிக்கிறார், இருப்பவர்கள் தங்களைப் போன்றவரையே தேர்ந்தெடுக்கிறார்கள், ஒட்டாதவர் தானாகவே விலகிப்போகிறார். பத்துப் பதினைந்து ஆண்டுகளில் எல்லோரும் ஒரே அச்சில் வார்த்தவர்களாகிவிடுகிறார்கள். கூட்டங்களில் சச்சரவு இருக்காது, நிம்மதியாக இருக்கும். வெளியே சந்தை மாறியதை முதலில் பார்க்கக்கூடியவர் மட்டும் அந்த அறையில் இருக்க மாட்டார்.

மகிழ்ச்சியாக இருக்கும் ஊழியர் நன்றாக வேலை செய்வாரா? எல்லோரும் ஆம் என்றுதான் சொல்வார்கள். ஆய்வுகள் அவ்வளவு உறுதியாகச் சொல்லவில்லை. 1955-இல் பிரேஃபீல்டும் கிராக்கெட்டும் அதுவரை வந்தவற்றைத் தொகுத்துப் பார்த்துவிட்டு, தொடர்பு மிக மெல்லியது என்று எழுதினார்கள். 1985-இல் இன்னொரு தொகுப்பாய்வு 0.17 என்ற எண்ணைத் தந்தது. 0 என்றால் தொடர்பே இல்லை, 1 என்றால் இரண்டும் அப்படியே ஒட்டிப்போகின்றன என்று பொருள். 2001-இல் திமோத்தி ஜட்ஜும் சக ஆய்வாளர்களும் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோரின் தரவுகளைத் திரட்டி, அளவீட்டுப் பிழைகளைச் சரிசெய்து, 0.30 என்றார்கள். அவர்கள் கண்ட இன்னொன்று அதைவிட முக்கியமானது. வேலை சிக்கலாகச் சிக்கலாக, மனநிறைவுக்கும் செயல்திறனுக்கும் உள்ள தொடர்பு வலுக்கிறது.

காரணம் சிகாகோவில் பார்த்ததுதான். நகரும் பட்டையில் நிமிடத்துக்கு இத்தனை உருப்படி என்று இயந்திரமே வேகத்தை நிர்ணயிக்கும் இடத்தில், ஊழியருக்கு வேலை பிடித்தால் என்ன, பிடிக்காவிட்டால் என்ன, எண்ணிக்கை மாறாது. இத்தனை நொடிக்குள் அழைப்பை முடித்தாக வேண்டும் என்ற கால் சென்டரிலும் அப்படித்தான். ஆராய்ச்சியாளரின், மருத்துவரின், ஆசிரியரின் வேலை அப்படியல்ல. கொஞ்சம் கூடுதலாக யோசிப்பதும் யோசிக்காமல் விடுவதும் அவர்கள் கையில் இருக்கிறது. அங்கே மனப்பான்மைக்கு வேலை இருக்கிறது.

எண்ணிக்கைக்குள் வராத உதவிகளும் இருக்கின்றன. புதிதாகச் சேர்ந்தவருக்கு மதிய இடைவேளையில் உட்கார்ந்து சொல்லித்தருவது, அடுத்த ஷிப்ட்டில் வருபவருக்கு இயந்திரத்தின் விநோதச் சத்தத்தைப் பற்றி ஒரு வரி எழுதிவைப்பது, பிரிண்டரில் காகிதம் தீர்ந்தால் நிரப்பிவிட்டுப் போவது. எந்தப் பணி விவரக் குறிப்பிலும் இவை இருக்காது, செய்யாவிட்டால் யாரும் மெமோ தர முடியாது. டென்னிஸ் ஆர்கன் 1980-களில் இவற்றைத் தனியாக எடுத்து ஆராய்ந்தார். மனநிறைவு இந்த இடத்தில்தான் தெளிவாகத் தடம் பதிக்கிறது என்பது அவர் தரப்பு. இதை நிரூபிக்க ஆய்வுக்கூடம்கூடத் தேவையில்லை. ‘விதிப்படி வேலை’ என்று தொழிற்சங்கங்கள் ஒரு போராட்டம் நடத்துவதுண்டு. யாரும் வேலையை நிறுத்துவதில்லை. விதிமுறைப் புத்தகத்தில் இருப்பதை எழுத்துக்கு எழுத்து செய்கிறார்கள், அதற்கு மேல் ஒன்றும் செய்வதில்லை. கொஞ்ச நேரத்திலேயே வரிசைகள் நீள்கின்றன, கோப்புகள் தேங்குகின்றன. எழுதப்பட்ட வேலையை மட்டும் செய்தால் நிறுவனம் ஓடாது என்பதற்கு இதைவிட நல்ல சோதனை கிடைக்காது.

வேலையை விடாமல் இருப்பதையும் நல்ல மனப்பான்மையின் அடையாளமாக எடுத்துக்கொள்வதுண்டு. ‘எங்களிடம் வெளியேறுவோர் விகிதம் குறைவு’ என்று பெருமையாகச் சொல்வார்கள். ஜான் மேயரும் நடாலி ஆலனும் 1991-இல் பற்றுதலை மூன்றாகப் பிரித்தது இந்தப் பெருமையைக் கொஞ்சம் உரசிப் பார்க்க உதவும். விரும்பி இருப்பவர் ஒருவர். வேறு வழியில்லாமல் இருப்பவர் இன்னொருவர். போனால் பணிக்கொடை போய்விடும், இந்த வயதில் வேறு யார் எடுப்பார்கள் என்ற கணக்கு அவருடையது. கஷ்டகாலத்தில் கைகொடுத்தார்கள், விட்டுப்போவது நியாயமில்லை என்று இருப்பவர் மூன்றாமவர். வருகைப் பதிவேட்டில் மூன்று பேரும் ஒன்றுதான். உதவி என்று கேட்டுப் பார்த்தால் வேறுபாடு தெரிந்துவிடும். வழியில்லாமல் இருப்பவர்களிடம் அந்தக் கூடுதல் உழைப்பு கிடைப்பதில்லை என்பதை ஆய்வுகள் மீண்டும் மீண்டும் காட்டுகின்றன. வேலைவாய்ப்பு வறண்ட காலத்தில் வெளியேறுவோர் விகிதம் குறைவதைத் தன் நிர்வாகத் திறமை என்று நினைத்துக்கொள்ளும் தலைமைகளை நான் பார்த்திருக்கிறேன். சந்தை திறந்த ஆறே மாதத்தில் பாதி இருக்கைகள் காலியாகும்போது அவர்களுக்கு அதிர்ச்சி.

பொருளாதார அறிஞர் ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் 1970-இல் சொன்னதும் இதையொட்டியதுதான். அதிருப்தி வந்தால் மனிதர் வெளியேறலாம், குரல் எழுப்பலாம். விசுவாசம் உள்ளவர் வெளியேறும் முன் குரல் எழுப்பிப் பார்ப்பார். பிறகு வந்தவர்கள் இன்னொன்றையும் சேர்த்தார்கள். இருக்கையில் இருந்தபடியே கைவிட்டுவிடுவது, ஏனோதானோவென்று வேலை பார்ப்பது. ஆக, கூட்டத்தில் எரிச்சலோடு கேள்வி கேட்பவர் இன்னும் கைவிடாதவர். நிர்வாகம் அவரைத்தான் ‘மனப்பான்மை சரியில்லை’ என்று குறிக்கிறது. மௌனமாகத் தலையாட்டிவிட்டு வேலை தேடும் தளத்தில் விவரக்குறிப்பைப் புதுப்பித்துக்கொண்டிருப்பவருக்கு நல்ல பெயர்.

இந்த மனப்பான்மைகள் எங்கிருந்து வருகின்றன? கொஞ்சம் கூடவே பிறந்தவை. பிரிந்து வளர்ந்த ஒரே கரு இரட்டையர்களை வைத்து ரிச்சர்ட் ஆர்வி குழுவினர் 1989-இல் வெளியிட்ட ஆய்வில், பணி மனநிறைவில் காணும் வேறுபாடுகளில் சுமார் 30 சதவீதம் மரபுவழியாக இருக்கலாம் என்றார்கள். எந்த வேலை கொடுத்தாலும் குறை காண்பவர்களும் எதிலும் திருப்தி காண்பவர்களும் இருக்கிறார்கள் என்பது நாம் அறிந்ததே. அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு ‘ஆளே அப்படி’ என்று கைகழுவுவதற்கு முன், மிச்சமுள்ள 70 சதவீதத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

பெரும்பங்கு கூட இருப்பவர்களிடமிருந்து வருகிறது. சிகாகோவை அடுத்த சிசரோவில் வெஸ்டர்ன் எலக்ட்ரிக் நிறுவனத்தின் ஹாதார்ன் ஆலையில் 1924 முதல் 1932 வரை நடந்த ஆய்வுகள் எல்லோருக்கும் தெரிந்தவை. வெளிச்சத்தைக் கூட்டினாலும் குறைத்தாலும் உற்பத்தி கூடியது என்ற கதையைத்தான் எல்லாப் பாடநூல்களும் சொல்லும். கடைசிக் கட்டத்தில் நடந்தது அதைவிடச் சுவையானது. தொலைபேசி இணைப்பகங்களுக்கான கம்பிகளைப் பொருத்தும் 14 ஆண்களை ஒரு தனி அறையில் அமர்த்தி, 1931 நவம்பர் முதல் மாதக்கணக்கில் கவனித்தார்கள். அதிகம் செய்தால் அதிகம் கிடைக்கும் என்று ஊதியத் திட்டம். ஆனாலும் ஒரு நாளைக்கு இவ்வளவு போதும் என்று அவர்களுக்குள் ஓர் அளவு இருந்தது. அதைத் தொட்டதும் கை மெதுவாகும். கூடுதலாகச் செய்தவர் அதை நாளைய கணக்குக்கு ஒதுக்கிவைத்துக்கொள்வார். யாராவது வேகமெடுத்தால், பக்கத்தில் இருப்பவர் அவர் தோளுக்குக் கீழே மேற்கையில் ஒரு குத்து விடுவார். பலத்த அடியில்லை, செய்தி போய்ச் சேரும் அளவுக்கு. மிகக் குறைவாகச் செய்பவருக்கும் மதிப்பில்லை. மேலதிகாரியிடம் போட்டுக்கொடுப்பவருக்கு அறவே இல்லை. பொருளாதாரப் பெருமந்தத்தின் நடுவில், அதிகம் செய்து காட்டினால் இலக்கை உயர்த்துவார்கள் அல்லது ஆட்களைக் குறைப்பார்கள் என்ற அச்சம் அந்த அறையில் இருந்தது. அவர்களைச் சோம்பேறிகள் என்று சொல்வது சுலபம். தங்களில் மெதுவானவரின் வேலையைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார்கள் என்றும் சொல்லலாம்.

இன்னொரு பெரும்பங்கு, தன்னை நியாயமாக நடத்துகிறார்களா என்ற உணர்விலிருந்து வருகிறது. ஜெரால்ட் கிரீன்பெர்க் 1990-இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தொழிற்சாலைத் தளத்திலேயே பிடித்துக் காட்டியது. ஒரே நிறுவனத்தின் இரண்டு ஆலைகளில் ஒப்பந்தங்கள் கைநழுவியதால் 10 வாரங்களுக்கு எல்லோருக்கும் 15 சதவீதம் சம்பளக் குறைப்பு. மூன்றாவது ஆலையில் குறைப்பு இல்லை. முதல் ஆலையில் தலைவரே நேரில் வந்து ஒன்றரை மணி நேரம் பேசினார். எண்களைக் காட்டினார், ஆட்குறைப்பைத் தவிர்க்கத்தான் இது என்று விளக்கினார், வருத்தம் தெரிவித்தார், எல்லாக் கேள்விகளுக்கும் நின்று பதில் சொன்னார். இரண்டாவது ஆலையில் கால் மணி நேரக் கூட்டம். குறைப்பு இத்தனை, இந்தத் தேதியிலிருந்து, அவ்வளவுதான். பிறகு மூன்று ஆலைகளிலும் கருவிகளும் பொருட்களும் எவ்வளவு களவு போகின்றன என்று கணக்கெடுத்தார்கள். குறைப்பு நடந்த இரண்டிலும் களவு கூடியது. விளக்கம் தரப்படாத ஆலையில் அது இன்னும் மோசம், வேலையை விட்டுப் போனவர்களும் அங்கேதான் அதிகம். சம்பளம் பழையபடி ஆனதும் களவும் பழைய அளவுக்கு இறங்கியது. ஆட்கள் மாறவில்லை, அவர்களின் நேர்மையும் மாறவில்லை என்றுதான் நினைக்கிறேன். நிறுவனம் தன்னிடமிருந்து எடுத்ததைத் தானே ஈடுகட்டிக்கொள்வதாக அந்தப் பத்து வாரங்களும் மனதுக்கு ஒரு சமாதானம் கிடைத்திருக்கும்.

செயலிலிருந்து மனப்பான்மை பிறப்பதும் உண்டு. லியோன் ஃபெஸ்டிங்கரும் ஜேம்ஸ் கார்ல்ஸ்மித்தும் 1959-இல் மாணவர்களை ஒரு மணி நேரம் உப்புச்சப்பில்லாத வேலை பார்க்க வைத்தார்கள். பலகையில் செருகிய முளைகளை ஒவ்வொன்றாகக் கால் சுற்று திருப்ப வேண்டும், பிறகு மீண்டும் முதலிலிருந்து. முடிந்ததும், அடுத்து வருபவரிடம் ‘வேலை சுவாரசியமாக இருந்தது’ என்று சொல்லச் சொல்லி, சிலருக்கு 1 டாலரும் சிலருக்கு 20 டாலரும் கொடுத்தார்கள். பிறகு கேட்டபோது, 1 டாலர் வாங்கியவர்கள்தான் வேலை நன்றாகவே இருந்தது என்றார்கள். 20 டாலர் வாங்கியவருக்குப் பொய் சொன்னதற்குப் பணமே காரணமாகிவிட்டது. 1 டாலர் வாங்கியவருக்கு அந்தச் சாக்கு இல்லை, ஆகவே தன் கருத்தையே கொஞ்சம் நகர்த்திக்கொண்டார். குறைந்த சம்பளத்தில் ‘சேவை’ என்று உழைக்கும் துறைகளில் இவ்வளவு பற்றுதல் எப்படி வருகிறது என்பதற்கு இது ஒரு பகுதி விளக்கம். அந்தப் பற்றுதலை நிர்வாகங்கள் சம்பளத்துக்குப் பதிலாகப் பயன்படுத்திக்கொள்வதற்கும் இதுவே வழி என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

தலைமுறை வேறுபாடு என்ற பேச்சை இங்கே ஒரு பத்தியில் கடந்துவிடலாம். இந்தத் தலைமுறைக்கு விசுவாசம் இல்லை, அந்தத் தலைமுறைக்கு மாறத் தெரியாது என்று மேடைக்கு மேடை கேட்கிறோம். 2012-இல் டேவிட் கோஸ்டன்ஸா குழுவினர் செய்த தொகுப்பாய்வில், பணி மனநிறைவிலும் பற்றுதலிலும் தலைமுறைகளுக்கு இடையே இருந்த வேறுபாடுகள் மிகச் சிறியவை அல்லது இல்லவே இல்லை என்ற அளவில்தான் இருந்தன. 25 வயதில் எல்லோருமே வேலை மாறத் துணிந்தவர்கள்தான்.

இதையெல்லாம் வைத்துக்கொண்டு வருடாந்திரச் சர்வேயைத் தூக்கிப் போட்டுவிடலாமா? வேண்டாம். கருத்துக்கணிப்பு நடத்தும் கேலப் நிறுவனத்தின் கணக்குப்படி உலக அளவில் 2024-இல் ஈடுபாட்டோடு வேலை செய்தவர்கள் 21 சதவீதம். இப்படிப்பட்ட எண்கள் காலப்போக்கைக் காட்ட உதவும். ஆனால் ஒரு நிறுவனத்துக்குள் அந்தப் படிவம் எப்படி நிரப்பப்படுகிறது என்பதைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்க வேண்டும். ‘உங்கள் பெயர் தேவையில்லை’ என்று மேலே எழுதியிருக்கும். கீழே பிரிவு, பணிநிலை, வயது வரம்பு, சேர்ந்த ஆண்டு, பாலினம் என்று ஐந்து கட்டங்கள். ஏழு பேர் உள்ள பிரிவில், 50 வயதுக்கு மேற்பட்ட ஒரே பெண்மணி அந்த ஐந்தையும் நிரப்பியதும் பெயர் எழுதாதது ஒரு சம்பிரதாயம் மட்டுமே என்று அவருக்குத் தெரியும். அவர் எல்லாவற்றுக்கும் 4 போட்டுவிட்டுப் போவார். 5 போட்டால் நடிப்பாகத் தெரியும், 3 போட்டால் கூப்பிட்டுக் கேட்பார்கள். சர்வேயிலும் கட்டாயம் நுழைந்துவிட்டால், நியூயார்க் அலுவலகத்தின் கதைதான்.

நிரப்பியதற்குப் பிறகு என்ன நடக்கிறது என்பதும் அதே அளவு முக்கியம். கேட்டுவிட்டு ஒன்றும் செய்யாமல் இருப்பது கேட்காமலே இருப்பதைவிட மோசம் என்பது ஹெச்.ஆர். துறையில் எல்லோரும் ஒப்புக்கொள்வது. இரண்டாம் ஆண்டில் பதில் தருவோர் எண்ணிக்கை குறையும். அந்தக் குறைவை நினைவூட்டல் மின்னஞ்சல்களால் ஈடுகட்டப் பார்ப்பார்கள். உண்மையில் அந்தக் குறைவுதான் அந்த ஆண்டின் மிகத் தெளிவான பதில்.

அதைவிடக் குறைந்த செலவில் பார்க்கக் கிடைப்பவை இருக்கின்றன. விருப்பப் பயிற்சிகளுக்கு யார் வருகிறார்கள், யார் வருவதை நிறுத்திவிட்டார்கள். எந்தப் பிரிவிலிருந்து சிறு விபத்துகளும் தவறுகளும் தாமாகவே தெரிவிக்கப்படுகின்றன, எந்தப் பிரிவின் பதிவேடு சந்தேகப்படும் அளவுக்குச் சுத்தமாக இருக்கிறது. நிறுவனத்துக்குள்ளேயே காலியிடம் அறிவித்தால் எந்த மேலாளரின் பிரிவுக்கு விண்ணப்பங்கள் குவிகின்றன, யாருடைய பிரிவுக்கு ஒன்றுமே வருவதில்லை. நண்பரை வேலைக்குப் பரிந்துரைத்தால் ஊக்கத்தொகை என்று அறிவித்த பிறகும் யாரும் பரிந்துரைக்காத பிரிவு எது. இவை எல்லாவற்றிலும் ஊழியருக்குச் செய்யவும் செய்யாமல் விடவும் சுதந்திரம் இருக்கிறது.

வெளியேறுபவரிடம் நடத்தும் எக்ஸிட் இன்டர்வியூவில் எனக்கு நம்பிக்கை குறைவு. அனுபவச் சான்றிதழும் கடைசி மாதச் சம்பளமும் இன்னும் கைக்கு வராத ஒருவர், ‘நல்ல வாய்ப்பு வந்தது’ என்பதற்கு மேல் என்ன சொல்லிவிடுவார்? இருப்பவர்களிடம், அதுவும் நன்றாக வேலை செய்துகொண்டிருப்பவர்களிடம், எது நடந்தால் நீங்கள் போய்விடுவீர்கள் என்று அவர்களின் நேரடி மேலாளர் அல்லாத ஒருவர் உட்கார்ந்து கேட்கலாம். பதில்கள் பெரும்பாலும் சம்பளத்தில் தொடங்கும். பத்து நிமிடம் பொறுத்திருந்தால், விடுப்பு மறுக்கப்பட்ட ஒரு நாளோ, வேறொருவர் பெயரில் போன ஓர் அறிக்கையோ, காரணம் சொல்லாமல் மாற்றப்பட்ட ஒரு ஷிப்ட்டோ வெளியே வரும். இவற்றைச் சரிசெய்யப் பெரும்பாலும் பட்ஜெட் ஒப்புதல் தேவைப்படாது.